எண்பது கிராம்

பனிக்காலத்தில் எங்கள் ஊரில் ஓட வேண்டுமென்றால் முதலில் மூக்கைச் சமாதானப்படுத்த வேண்டும். வெயில் நாட்களில் தோல் பதனிடுகிற ஷாப்புகளின் நாற்றம் மேலே ஏறிக் கலைந்துவிடும். மார்கழியில் அது ஏறாது. பனியோடு சேர்ந்துகொண்டு ஆள் உயரத்துக்கு அப்படியே நிற்கும். ஆம்பூரில் பிறந்து வளர்ந்த எனக்கே, வாய் திறந்து மூச்சு வாங்கினால் நாக்கில் உப்புக் கரிக்கும். காலை ஓட்டத்தின் சுத்தமான காற்றைப் பற்றி யாராவது பேசினால் அவர்களை ஒருநாள் எங்கள் ரோட்டுக்குக் கூட்டிவர வேண்டும் போலிருக்கும்.

அப்படியும் நாங்கள் ஓடினோம். நானும் அவளும்.

எனக்கு நாற்பத்தொன்று. ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூமில் வேலை. அவள் என்னைவிட எட்டு வயது சின்னவள். அதே கம்பெனியில் தையல் செக்‌ஷனில் பத்து வருஷம் மெஷினில் உட்கார்ந்திருந்து, பிறகு செக்கர் ஆனவள். தைத்து வருகிற ஷூவைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் ஒதுக்கி வைக்கிற வேலை. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவள் வீடு.

சர்க்கரை பார்டரில் நிற்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொன்னதில் தொடங்கியது இது. நடப்பதற்கெல்லாம் எனக்குப் பொறுமை கிடையாது. ஒரே வாரத்தில் ஓட ஆரம்பித்துவிட்டேன். இருட்டில் தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகப் போவதானால் போ என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நாய்கள், லாரிகள், குடித்துவிட்டு விழுந்து கிடப்பவர்கள். அவரோடு இரண்டு நாள் சண்டை போட்டேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். அதனால் அவளைக் கெஞ்சிக் கூப்பிட்டேன், அவளும் வந்தாள். அவள் எனக்குத் தோழி மட்டுமில்லை, வாசலைத் தாண்டுவதற்கான பர்மிஷனும் அவள்தான். இதை அவளிடம் நான் சொன்னதில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. காலை நாலரைக்கு நான் அவள் போனுக்கு ரிங் கொடுப்பேன். அவள் எடுக்காமல் கட் செய்தால் எழுந்துவிட்டாள், வருகிறாள் என்று அர்த்தம். கட் ஆகாமல் முழுசாக அடித்து ஓய்ந்தால் இன்னும் தூங்குகிறாள். பனி ஜாஸ்தியான நாட்களில் மூன்று முறை அடிக்க வேண்டியிருக்கும். கட் ஆனதும் நான் ஷூவை மாட்டிக்கொண்டு ரயில் பாதையை ஒட்டிய ரோட்டில் இருக்கிற கல்வெர்ட் என்கிற சின்னப் பாலத்துக்குப் போவேன். போர்வையை உதறிவிட்டு எழுவதற்கு எனக்கு வேறு எந்த ஊக்கமும் தேவைப்பட்டதில்லை. கட் செய்தவளை அங்கே தனியாக நிற்க வைக்க முடியாது, அவ்வளவுதான்.

மாசியில் வேலூரில் பத்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடக்கும். போன தடவை இருவரும் போனோம். ஒரு மணி பதினாலு நிமிஷம். தண்ணீர் கொடுக்கிற ஒவ்வொரு இடத்திலும் நான் அவளுக்காக நின்றேன். ராணிப்பேட்டையிலிருந்து வந்த, தலை நரைத்த ஒரு அம்மாள், நான் நிற்பதைப் பார்த்து, "இன்னாம்மா, அதுக்குள்ள டயர்டா?" என்று கேட்டுவிட்டு என்னைத் தாண்டிப் போனார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த வருஷம் ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பேன் என்று பஸ்ஸில் வரும்போதே அவளிடம் சொன்னேன். "முடிச்சிடலாம்க்கா" என்றாள் அவள். நான் என்னை மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

வேகம் கூட்ட எங்களுக்குத் தெரிந்த வழி கரண்டுக் கம்பங்கள். மூன்று கம்பம் தூரத்துக்கு உயிரைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும், பிறகு இரண்டு கம்பம் மெதுவாக, மறுபடி மூன்று. ஐப்பசி மழை விட்டதும் ஆரம்பித்தோம். நான் மூன்றாவது கம்பத்துக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் பனிக்குள் அவள் தெரிய மாட்டாள். தொம் தொம் என்று கால் விழுகிற சத்தம்தான் வரும். ஓடிச் சூடான உடம்போடு பனியில் நின்றால் வியர்வை முதுகில் சில்லிட்டுப் போகும். இருமல் வரும். அதைவிட ஆத்திரம் வரும். "காலைத் தூக்கி வைடி, யானை மாதிரி வர்றியே" என்று கத்துவேன். அவள் சிரித்துக்கொண்டே வந்து சேர்வாள். "இந்த ஷூ வெயிட்டுக்கா" என்பாள்.

ஷூ வெயிட்டுதான். வேலூர் லாங் பஜாரில் நாங்கள் இருவரும் போய் வாங்கியது. ஊதா நிறத்துக்கு மயங்கி அவள் எடுத்தாள். எடையைப் பார் என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. கார்த்திகை பிறந்த சமயம் அதன் முனை வாய் பிளந்துகொண்டது. "குடு, ஒட்டித் தர்றேன்" என்று வாங்கிப் போனேன். ஒட்டுவதற்காக மட்டும்தான் வாங்கினேன், அது சத்தியம்.

சாம்பிள் ரூம் மேஜையில் ஒரு தராசு உண்டு. சும்மா வைத்துப் பார்த்தேன். ஒற்றை ஷூ முந்நூற்று முப்பது கிராம். என்னுடையது இருநூற்று ஐம்பது. அந்த எண்பது கிராமுக்காகவா நான் தினமும் பனியில் நிற்கிறேன் என்று தோன்றியது.

எங்கள் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்க வருபவர்கள் பார்ப்பதற்காக ஒவ்வொரு மாடலிலும் ஒரு ஜோடி செய்து வைப்பதுதான் சாம்பிள் ரூம் வேலை. அவர்கள் கையில் எடுத்ததும் முதலில் சொல்வது, எடையைக் குறையுங்கள் என்பதுதான். நாங்களும் ஷூவின் அடிப்பாகமான சோலைக் கிரைண்டிங் சக்கரத்தில் தேய்ப்போம், குதிகாலுக்கு உள்பக்கமாகக் குடைவோம், உள்ளே பாதம் படுகிற இன்சோலை எடுத்துவிட்டு மெல்லியதை வைப்போம். பார்ப்பவர் கையில் அது இறகு போல உட்காரும். நல்ல பேர் வாங்குவோம். பதினெட்டு வருஷமாக இதில் எனக்குக் கை ஓடுகிற மாதிரி அங்கே வேறு யாருக்கும் ஓடாது. ஆனால் ஒன்று. நான் தேய்த்த ஷூ எதையும் யாரும் போட்டுக்கொண்டு நடந்ததில்லை. மேஜையில் இருக்கும், அலமாரிக்குப் போகும். தரையைத் தொடாது. இவ்வளவு வருஷத்தில் அது எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் போன பிறகு சக்கரத்தை ஓட விட்டேன். இருபது நிமிஷ வேலை. அடியில் தேய்த்தேன், உள்ளே குடைந்தேன், மெத்தென்று இருந்த இன்சோலைப் பிடுங்கிவிட்டுத் தாள் மாதிரி ஒன்றை ஒட்டினேன். பிளந்த வாய்க்கும் சொல்யூஷன் தடவி ஒட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தராசில் வைத்தேன். இருநூற்று ஐம்பது. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அவள் மடியில் வைத்தேன். எடுத்துப் பார்த்தாள். உள்ளே கட்டை விரலை விட்டாள். "லைட்டா இருக்கேக்கா" என்றாள்.

"சொல்யூஷன் காஞ்சிடிச்சி இல்ல, அதான்" என்றேன்.

நாள் முழுவதும் ஷூவையே கையில் வைத்திருக்கிறவளிடம் சொல்கிற பொய்யா இது? அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பையில் போட்டுக்கொண்டாள். ஏன் சொல்லவில்லை என்று பிறகு என்னை நானே பல தடவை கேட்டிருக்கிறேன். அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். வேறு காரணம் இல்லை.

மறுநாளிலிருந்து தொம் தொம் சத்தம் குறைந்தது. ஒரு வாரத்தில் மூன்றாவது கம்பத்துக்கு என்னோடு கூடவே வந்தாள். இரண்டு வாரத்தில் ஐந்து கிலோமீட்டரில் மூன்று நிமிஷம் குறைந்திருந்தது. போனில் நேரத்தைப் பார்த்துவிட்டு ரோட்டிலேயே குதித்தாள். "அக்கா, நான் ஓடறேன்க்கா. நெஜமாவே ஓடறேன்." அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. இப்போது போய் ஷூவை நான் தேய்த்தேன் என்றால் அந்தச் சந்தோஷத்தைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஆகுமே என்று சொல்லிக்கொண்டேன். நல்லவளாக இருந்துகொண்டே வாயை மூடிக்கொள்ள எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

மார்கழி பிறந்ததும் அவள் இடது காலைச் சற்றுத் தாங்கி வைக்க ஆரம்பித்தாள். கேட்டால், "பனிக்குக் கால் புடிச்சிக்குதுக்கா, ஓட ஓட சரியாப் பூடும்" என்பாள். வார்ம்-அப் போதவில்லை என்று நான் அவளைக் கூடுதலாகக் குதிக்க வைத்தேன். கம்பெனியில் அவள் நின்றுகொண்டே செய்கிற வேலையின் நடுவில் ஒரு காலைத் தூக்கி மற்ற கால் மேல் வைத்துக்கொண்டு நிற்பதை ஒருநாள் சாம்பிள் ரூம் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். அந்த வாரம் எங்கள் நேரம் நன்றாக வந்துகொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருக்கும்போது நடந்தது. இரண்டாவது சுற்றில், இரண்டு கம்பத்துக்கு நடுவே, அவள் சத்தமே போடாமல் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். நான் மூன்றாவது கம்பத்தில் நின்று, வழக்கம்போல, "வாடி" என்று கத்தினேன். பதில் இல்லை. திரும்பி ஓடி வந்தேன். ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "கால ஊன முடியலக்கா" என்றாள். அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆட்டோ கிடைக்கும் வரை நடத்தினேன். ஒவ்வொரு அடிக்கும் அவள் விரல்கள் என் தோளில் இறுகின.

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். பாதத்து எலும்பில் விரிசல். பத்து வாரம் பெல்ட் போட்ட பூட்ஸ் மாட்டிக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். எந்த ஷூ போட்டு ஓடினீர்கள் என்று கேட்டார். அது பிளாஸ்டிக் கவரில் என் கையில்தான் இருந்தது. வாங்கி இரண்டாக மடித்தார். அட்டை மாதிரி மடிந்தது.

"இதப் போட்டுக்கிட்டா ரோட்டுல ஓடுனீங்க? அடியில ஒண்ணுமே இல்லையேம்மா. எங்க வாங்குனது?"

"லாங் பஜார்ல சார்" என்றாள் அவள்.

"இப்பிடித்தான் விக்கிறாங்க" என்று அவர் ஷூவை மேஜையில் போட்டார்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் சார், இப்படித்தான் விற்கிறார்கள் என்கிற மாதிரி. அவள் கட்டிலில் உட்கார்ந்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலியில் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு முன்னால் அவள் வேலைக்கு வந்தபோது, செக்கர் இடத்தில் வேறொருத்தி நின்றுகொண்டிருந்தாள். நிற்க முடியாதவளை அங்கே வைக்க முடியாது என்று அவளை மறுபடி மெஷினில் உட்கார வைத்தார்கள். பத்து வருஷம் உட்கார்ந்து எழுந்து வந்த அதே மெஷின் வரிசை. நான் தினமும் டீ நேரத்தில் போய் அவள் பக்கத்தில் நின்றேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் ஒவ்வொரு நாளும் போவேன். பிஸ்கட் கொடுத்துவிட்டு வருவேன்.

இதற்கு நடுவே என் ஓட்டமும் நின்றுபோனது. தனியாகப் போக வீட்டில் விடவில்லை. மொட்டை மாடியில் ஓடினேன். பதினாறு அடி போனால் சுவர், திரும்பு, மறுபடி சுவர். கீழ் வீட்டு அம்மா மேலே வந்து, தலைக்கு மேல் இடி இடிக்கிறது என்று பேஜார் ஆனாள். விட்டுவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாட்களில் அவள் காலுக்காக வருத்தப்பட்டதில் பாதி, என் ஒரு மணி நேரக் கணக்கு போய்விட்டதே என்ற வருத்தம்தான்.

பொங்கல் முடிந்த வாரம் ஒரு விடியற்காலை என் போன் அடித்தது. நாலரை. அவள். எடுப்பதற்குள் நின்றுவிட்டது. ஜன்னலைத் திறந்து பார்த்தால் தெருவில் ஸ்கூட்டியில் உட்கார்ந்திருக்கிறாள். ஸ்வெட்டர், தலைக்கு மப்ளர், இடது காலில் அந்தப் பெரிய பூட்ஸ்.

"ஷூ போட்டுட்டு வாக்கா. நீ ஓடு, நான் பின்னாடி வண்டில வர்றேன். உன் வீட்டு அண்ணன் கிட்ட சொல்லிட்டேன், ரெண்டு பேராத்தான போறோம்னு."

"உனக்கின்னா பைத்தியமாடி, டாக்டர் இன்னா சொன்னாரு?"

"பிரேக்கு கைலதான இருக்குது. வாக்கா, பனி கொட்டுது."

அப்படி ஐந்து வாரம். நான் முன்னால் ஓட, அவள் பின்னால் ஸ்கூட்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தாள். வண்டியின் வெளிச்சம் என்னைத் தாண்டிப் பனியில் விழும். என் நிழல் எனக்கு முன்னால் நீளமாக ஓடும். கம்பம் நெருங்கும்போது, "இப்ப புடிக்கா, புடி, புடி" என்று கத்துவாள். அவள் சத்தத்துக்கு என் கால் தானாக வேகம் எடுத்தது. நேரம் குறைந்துகொண்டே வந்தது. அறுபத்தைந்து நிமிஷம், அறுபத்திரண்டு. வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் ஓடியதில்லை. அவ்வளவு கேவலமாக என்னை நானே உணர்ந்ததும் இல்லை. சொன்னால் இவள் போய்விடுவாள். இவள் போனால் என் ஓட்டமும் போய்விடும். இரண்டையும் சேர்த்தே நான் எடை போட்டுக்கொண்டிருந்தேன். தேய்த்த கைக்கு எடை போடவா தெரியாது?

ஓட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பத்து கிலோமீட்டரையும் ஓடிப் பார்த்தேன். கல்வெர்ட்டில் வந்து நின்றபோது ஐம்பத்தெட்டு நிமிஷம். அவள் வண்டியை நிறுத்தி, போனைத் தூக்கிக் காட்டி, "அக்கா, அடிச்சிட்டக்கா!" என்று கத்தினாள். இறங்கி, அந்தக் காலோடு நொண்டி நொண்டி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவள் நினைத்துவிடக் கூடாதே என்று பயந்தேன். அதனால்தான் சொன்னேன்.

"உன் ஷூவ நான்தான் தேய்ச்சேன். ஒட்டக் குடுத்தப்ப. சக்கரத்துல வெச்சித் தேய்ச்சேன்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். கல்வெர்ட் சுவரில் உட்கார்ந்தாள். பாதையில் ஒரு கூட்ஸ் வண்டி கடந்து போனது.

"தெரியும்க்கா" என்றாள்.

"எப்போ?"

"அன்னிக்கே. பஸ்ல. கைல வாங்குனா தெரியாதா எனக்கு? உள்ள குடைஞ்சிருந்தது உன் கைதான்னும் தெரியும்."

"தெரிஞ்சிட்டு ஏன்டி போட்ட?"

"நீ செஞ்சதாச்சே. நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பன்னு போட்டேன்."

"கால் வலிக்குதுன்னாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"நான் நின்னுட்டா உன்ன வீட்ல விட மாட்டாங்களே." பூட்ஸின் பெல்ட்டை இழுத்து மறுபடி ஒட்டினாள். "அதெல்லாம் போவட்டும்க்கா. ஆஸ்பத்திரில டாக்டர் கேட்டாரு பாரு, எங்க வாங்குனதுன்னு. நீ சொல்லுவேன்னு உன் மூஞ்சியே பாத்துட்டு இருந்தேன். நீ தலைய ஆட்டுன."

"அப்புறம் ஏன் வண்டி எடுத்துட்டு வந்த?" என்று மட்டும் கேட்டேன்.

"பக்கத்துலயே இருந்தா இன்னிக்காவது சொல்லுவியான்னுதான் தெனமும் வந்தேன். இப்பதான் சொன்ன. ஒரு மணி நேரத்துக்குள்ள ஓடி முடிச்சிட்டு சொல்ற."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், காலில்கூட விழுந்திருப்பேன். அவள் களைத்துப்போன மாதிரி பேசினாள். என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள். சீட்டைத் திறந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து என் கையில் கொடுத்தாள். உள்ளே அந்த ஊதா ஷூ. துவைத்துக் காய வைத்திருந்தாள். "எனக்கு வேணாம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேலூருக்கு வீட்டுக்காரரோடு போனேன். ஒரு மணி ஆறு நிமிஷம். கடைசி மூன்று கிலோமீட்டர் நடந்தும் ஓடியுமாக வந்தேன். கால் நன்றாகத்தான் இருந்தது. பின்னால் யாரும் கத்தவில்லை.

அவளுக்குக் கால் கூடிவிட்டது. இப்போது சாதாரணமாக நடக்கிறாள். கம்பெனி பஸ்ஸில் பார்த்தால், "சாப்டியாக்கா?" என்று கேட்பாள். முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள். தையல் செக்‌ஷனில் இன்னும் மெஷினில்தான் இருக்கிறாள். வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தனியாக ஒருநாள் போய் அந்த டாக்டரிடம் நான் உண்மையைச் சொன்னேன். அவருக்கு எங்கள் ஞாபகமே இல்லை. சரிம்மா என்றார், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். ஊதா ஷூ சாம்பிள் ரூமில் என் மேஜைக்கு மேலே அலமாரியில் இருக்கிறது. அந்த அலமாரியில் ரோட்டில் ஓடி அடி தேய்ந்த ஜோடி அது ஒன்றுதான். புதிதாக வருகிறவர்கள் இது எந்த மாடல் என்று கேட்கிறார்கள்.

இந்த வருஷமும் பனி இறங்கிவிட்டது. கார்த்திகை முதல் தேதியிலிருந்து நாலரைக்கு அவள் போனுக்கு ரிங் கொடுக்கிறேன். ஒருமுறைதான் கொடுப்பேன். முழுசாக அடித்து ஓயும். போனை வைத்துவிட்டு, சமையலறை விளக்கைப் போட்டு, காலை வேலையைப் பார்ப்பேன். நேற்று இரண்டாவது மணி அடிக்கும்போதே கட் ஆனது.

ஷூவை மாட்டிக்கொண்டு, வீட்டுக்காரரை எழுப்பி, அவள் வருகிறாள் என்று சொல்லிவிட்டுக் கல்வெர்ட்டுக்குப் போனேன். பனியில் எதிர்க் கம்பம்கூடத் தெரியவில்லை. ஓடவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். வியர்க்காத உடம்புக்குப் பனி எவ்வளவு குளிர்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஆறரைக்கு வெயில் வந்தது, ரோடு முழுசாகத் தெரிந்தது. அவள் வரவில்லை. நான் வீட்டுக்கு வந்து, ஓடிவிட்டு வந்ததாகச் சொன்னேன்.